பழைய ஈ.சி.ஜி. நோயாளியின் கையில் இருக்கட்டும்

இராமநாதபுரம் மாவட்டச் சுகாதாரத் துறை அலுவலர்களுக்கும் அரசு மருத்துவர்களுக்கும்,

வணக்கம். ஈ.சி.ஜி. எடுக்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றுப் பாம்பனில் வசிக்கும் நான், மாரடைப்பிலிருந்து பிழைத்து வீடு திரும்பிய கடற்கரை மக்களுக்காக ஒரு கோரிக்கை வைக்கிறேன்.

மாரடைப்பில் செத்துப்போன தசை தழும்பாகி மெலிந்து, இதயம் சுருங்கும்போதெல்லாம் வெளிப்பக்கம் பிதுங்குவதையே இதயச் சுவர்ப் புடைப்பு, அதாவது அனியூரிசம் என்கிறோம். பெரும்பாலும் இடது கீழறையின் முன்சுவரிலும் நுனியிலும் உண்டாகும் இந்தப் புடைப்பில் இரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்; அதற்கு முன்பே மூச்சுத்திணறலோ, உயிரைப் பறிக்கும் தாறுமாறான துடிப்போ வரலாம்.

மாரடைப்பில் ஈ.சி.ஜி. கோட்டில் மேலெழும் எஸ்.டி. என்ற பகுதி வழக்கமாக இரண்டு வாரங்களுக்குள் இறங்கிவிடும். அதன் பிறகும் மார்பு லீடுகளில், அதாவது மார்பில் ஒட்டும் இணைப்புகள் காட்டும் கோடுகளில், ஆழமான க்யூ அலைகளோடு (கீழிறங்கும் கூர்கோடுகளோடு) அது உயர்ந்தே நின்றால் புடைப்பைச் சந்தேகித்து எக்கோ (இதய ஒலியலைப் படம்) பார்க்க வேண்டும். ஈ.சி.ஜி. சரியாக இருப்பதாலேயே புடைப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் யாரை முதலில் எக்கோவுக்கு அனுப்புவது என்பதை அந்தத் தாள் காட்டிக்கொடுக்கும்.

இடர் வருவது இரவு நேரத்தில்தான். மாரடைப்பு வந்து நான்கு மாதமான மீனவர் ஒருவர் ஓர் இரவு நெஞ்செரிச்சலோடு வந்தபோது நான் எடுத்த ஈ.சி.ஜி.யில் எஸ்.டி. உயர்ந்திருந்தது. புது அடைப்பென்றால் கட்டியைக் கரைக்கும் ஊசி உடனே போட வேண்டும். பழைய புடைப்பென்றால் அந்த ஊசி பயனில்லாமல் இரத்தக் கசிவு ஆபத்தை மட்டும் தரும். வி1 முதல் வி4 வரையான மார்பு லீடுகளில் ஏதேனும் ஒன்றில் டி அலை (துடிப்பின் கடைசி மேடு) க்யூ.ஆர்.எஸ். (துடிப்பின் கூர்முனைப் பகுதி) உயரத்தில் 0.36 பங்கைத் தாண்டினால் புது அடைப்பின் பக்கம் சாயலாம் என்ற கணக்கு உதவும். ஆயினும் பழைய தாளோடு ஒப்பிடுவதற்கு அது ஈடாகாது. அவரிடம் தாள் இருந்தது. ரேஷன் அட்டையோடு பிளாஸ்டிக் உறையில் பத்திரப்படுத்தியிருந்தார். விரித்தால் கோடுகள் மங்கி, வெறும் கட்டங்களே மிஞ்சியிருந்தன.

ஈ.சி.ஜி. எடுக்கும் வெப்பத்தாளின், அதாவது சூட்டால் கோடு பதியும் தாளின், இயல்பு அது. லாமினேட் செய்தால் இன்னும் மோசம், சூட்டில் தாளே கறுத்துவிடும். ஆகவே வீடு திரும்பும் நாளில் எடுத்த ஈ.சி.ஜி.யையும், ஆறு வாரம் கழித்து எடுப்பதையும் சாதாரணத் தாளில் நகலெடுத்துக் கொடுத்து, வீட்டார் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எஸ்.டி. இறங்கவில்லையென்றால் அதை டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதிவிடுங்கள். இராமேசுவரத்திலிருந்து மாவட்டத் தலைநகருக்கு 50 கிலோமீட்டருக்கு மேல். 108 வண்டியில் ஏறும்போது நோயாளியோடு இந்தத் தாளும் ஏறட்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர்கள் கரையில்தான் இருப்பார்கள். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களை அந்நாட்களில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு அழைத்து ஈ.சி.ஜி. எடுத்துப் பழையதோடு ஒப்பிட ஏற்பாடு செய்யுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்கள் இரத்த அழுத்த மாத்திரை கொடுக்க வீடு வரும்போதே அவர்களுக்குத் தகவல் சொல்லிவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஈ.சி.ஜி. பணியாளர்,
பாம்பன்.