டியோ கட்சிக்காரனுக்கு

கோயம்புத்தூர்,
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள பாபு,

நீ அனுப்பிய படங்களை வந்த அன்றே பார்த்துவிட்டேன். பர்மிங்ஹாம் பிராட் ஸ்ட்ரீட் பாலம் முழுக்கப் பூ, பீர் கேன், கையால் எழுதிய அட்டைகள், பிளாக் சப்பாத் பேண்டின் நாலு பேர் முகமும் போட்ட அந்த பெஞ்சு, பக்கத்தில் தொப்பையை எக்கிக்கொண்டு நீ. பாடகர் ஓஸி போய்விட்டார் என்று ஊரே அழுதுகொண்டிருக்கும்போதும் உனக்கு போஸ் முக்கியம். பதில் போடாததற்குக் கோபம் காரணமில்லை. இங்கே கம்பெனியில் ஒன்று நடந்துவிட்டது. அதை வாட்ஸ்அப்பில் நாலு வரியில் சொல்ல மனசு வரவில்லை.

வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி பழையபடிதான். பெரியவள் காலேஜில் சேர்ந்துவிட்டாள். குண்டன் மறுபடியும் வீடு மாறிவிட்டான், ஏன் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சார்வாள் ரிட்டயர் ஆகிவிட்டார், இனிமேல் கர்நாடக சங்கீதம் மட்டும்தான் கேட்பாராம். நம்புகிறாயா?

சரி, முதலில் உன்னைத் திட்டி முடிக்கிறேன். பதினைந்து வருஷமாகக் கவென்ட்ரியில் குடியிருக்கிறாய். அங்கிருந்து ஆஸ்டன் எவ்வளவு தூரம்? ஜூலை 5-ஆம் தேதி சப்பாத்தின் கடைசிக் கச்சேரிக்கு அங்கே வில்லா பார்க் மைதானத்தில் 40,000 பேருக்கு மேல், எந்தெந்த நாட்டிலிருந்தோ வந்து கூடியிருக்கிறார்கள். நீ மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு லெஸ்டர் போயிருக்கிறாய். கேட்டால், "டியோ இல்லாத சப்பாத் எனக்கு எதுக்கு?" என்று வசனம் வேறு. 2007-இல் பெங்களூர் பேலஸ் கிரவுண்டில் அயர்ன் மெய்டன் கச்சேரிக்காகச் செருப்பைத் தொலைத்துவிட்டு வெறுங்காலோடு நடந்தவனா இவன் என்று நினைத்துக்கொண்டேன். ஓஸிக்குப் பிறகு சப்பாத்தில் பாடிய ரோனி ஜேம்ஸ் டியோவே உயிரோடு இருந்திருந்தால் அன்றைக்கு வில்லா பார்க்கில்தான் நின்றிருப்பார்.

நான் காசு கட்டி லேப்டாப்பில் பார்த்தேன், ராத்திரி முழுக்க. நீயும் நானும் தேறாது என்று தள்ளிவைத்தோமே சப்பாத்தின் 'நெவர் சே டை' ஆல்பம், அதிலிருந்து மெட்டாலிகா 'ஜானி பிளேட்' எடுத்தார்கள். கன்ஸ் அண்ட் ரோசஸ் அதே ஆல்பத்திலிருந்து இரண்டு பாட்டு. நமக்குப் பாடம் எடுக்கவே திட்டம் போட்டு வந்த மாதிரி இருந்தது. அவர்களுடைய பாடகர் ஆக்ஸல் குரலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. யங்பிளட் என்கிற பையன் 'சேஞ்சஸ்' பாடினான். பெயரைப் பார்த்துவிட்டு டீ போடப் போகலாம் என்று எழுந்தவன், அப்படியே நின்று கேட்டேன்.

அப்புறம் ஓஸி. மேடைக்கு அடியிலிருந்து கறுப்புச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியே எழும்பி வந்தார். பார்க்கின்சன் காலை வாங்கிவிட்டது. எழுந்திருக்கப் பார்ப்பதும், முடியாமல் கைகளை ஆட்டிக் கூட்டத்தை எழுப்புவதுமாக இருந்தார். 'மாமா, ஐ'ம் கமிங் ஹோம்' பாடும்போது குரல் நழுவியது, கூட்டம் பிடித்துக்கொண்டது. கடைசியில் நாலு பேரும். 2005-க்குப் பிறகு அந்த நாலு பேரும் சேர்ந்து மேடை ஏறியது அன்றுதான். வாசித்தது நாலே நாலு பாட்டு, 'பாரனாய்ட்'டோடு சரி. பதினேழாவது நாள் மனுஷன் இல்லை.

டிரம்மர் பில் வார்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஒப்பந்தம் ஒத்துவரவில்லை என்று 2012-இல் ஒதுங்கியவர். '13' ஆல்பத்திலும் இல்லை, 2017-இல் பர்மிங்ஹாமில் நடந்த கடைசிக் கச்சேரி என்று சொல்லப்பட்டதிலும் இல்லை. இப்போது 77 வயசு. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வாசிக்கிறார். தாளம் அங்கங்கே இழுத்தது. இழுக்கட்டுமே! ஜாஸ் கேட்டு வளர்ந்த கை அது, அவர் அடிக்கும்போது பாட்டு ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடும். அவருக்குப் பதிலாக வந்தவர்கள் சுத்தமாக வாசித்தார்கள், பாட்டு நேராகப் போய் முடிந்தது. இதை நீ ஒத்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும்.

ஆனால் அன்றைக்கு என் கண் பெரும்பாலும் கிட்டாரிஸ்ட் டோனி அயோமியின் வலது கையில்தான் இருந்தது. காரணம் சொல்கிறேன்.

ஜூன் கடைசியில், மெஷினில் தகடு அழுத்தும் எங்கள் பிரஸ் ஷாப்பில் ஒரு பையனுக்குக் கை மாட்டிவிட்டது. ஒடிசாக்காரன், 22 வயசு, காண்ட்ராக்ட் ஆள். ஹெல்பராக வந்தவன். அந்தப் பிரஸ்ஸில் வழக்கமாக நிற்பவர் அன்று லீவு. அவசர ஆர்டர், "நீ கொஞ்சம் ஓட்டு" என்று நிறுத்திவிட்டார்கள். கால் பெடலில் ஓடும் பழைய மெஷின். ஆள்காட்டி விரலில் முதல் கணு வரைக்கும் போய்விட்டது, நடுவிரலில் பாதி நகம். நான் டூல் ரூமிலிருந்து ஓடி வருவதற்குள் பனியனைக் கழற்றிக் கையில் சுற்றியிருந்தார்கள். தகட்டை அழுத்தும் அச்சுக்கு, அதாவது டைக்கு முன்னால், கை உள்ளே போகாமல் தடுக்க இருக்க வேண்டிய கூண்டு கழற்றிச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கூண்டு இருந்தால் பீஸ் எடுத்துப் போட நேரமாகிறதாம், புரொடக்‌ஷன் வராதாம். அந்தக் கூண்டின் கொக்கியில் யாரோ டிபன் பையை மாட்டியிருந்தார்கள், பாபு. ரத்தத்தைவிட அந்த டிபன் பைதான் எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அயோமி கதை உனக்கு மனப்பாடம். ஆனால் நாம் அதைக் காஸெட் அட்டையைப் பிடித்துக்கொண்டு ரசிகர்களாகக் கேட்டோம், இப்போது பிரஸ் ஷாப்காரனாகக் கேட்டுப் பார். பதினேழு வயசு. பர்மிங்ஹாமில் ஒரு தகடு ஃபாக்டரி. பையன் வெல்டிங் வேலை பார்க்கிறவன். பேண்டோடு வெளிநாடு போகப் போகிறான், அன்றுதான் ஃபாக்டரியில் கடைசி நாள். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவன் திரும்பப் போகமாட்டேன் என்கிறான். "எடுத்த வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா" என்று அம்மாதான் அனுப்பிவைக்கிறார். எந்த அம்மாவும் அதைத்தான் சொல்லுவாள். பிரஸ்ஸில் நிற்கும் பெண் அன்று வரவில்லை. இவனை அதில் நிறுத்துகிறார்கள். முன்பின் ஓட்டியதில்லை. மெஷின் கைமேல் இறங்குகிறது, இவன் வெடுக்கென்று இழுக்கிறான், நடுவிரல் நுனியும் மோதிர விரல் நுனியும் மெஷினோடு போய்விடுகின்றன. இடதுகைக்காரன் வேறு. கிட்டார் கம்பியை அழுத்துகிற கையே அந்த வலது கைதான்.

எத்தனை தடவை இந்தக் கதையை நாம் சொல்லியிருப்போம்! ஒரு தடவையாவது அந்த பிரஸ்ஸுக்குக் கூண்டு இருந்ததா என்று கேட்டோமா?

"விரல் போனதால்தான் ஹெவி மெட்டல் பிறந்தது" என்று இப்போது யாராவது எழுதினால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. விரல் போனதால் ஒன்றும் பிறக்கவில்லை. பாத்திரம் கழுவும் சோப்பு பாட்டிலை உருக்கி உருண்டையாக்கி, சூட்டுக் கம்பியால் துளை போட்டு, விரல் நுழைகிற வரைக்கும் தேய்த்துத் தேய்த்துத் தொப்பி செய்தார். கம்பி வழுக்காமல் இருக்கப் பழைய ஜாக்கெட்டின் தோலை வெட்டி அதன்மேல் ஒட்டினார். கிட்டாருக்கு அப்போது மெல்லிய கம்பி கிடைக்காததால் பேஞ்சோ கம்பியை மாட்டினார். இதெல்லாம் அச்சு அசல் டூல் ரூம் வேலை. முதல் ஆல்பம் 1969 அக்டோபரில் ஒரே நாளில் பதிவானது. அதில் ஸ்ருதி வழக்கமான ஸ்ருதிதான். கம்பி தளர்ந்தால் விரலுக்கு நோகாது என்று மூன்று கட்டையிலிருந்து ஒன்றரைக் கட்டைக்கு இறக்கியது மூன்றாவது ஆல்பத்தில், 1971-இல். விபத்துக்கும் அந்த ஒலிக்கும் நடுவில் ஆறு வருஷ உழைப்பு இருக்கிறது. மெஷினுக்கு எதற்கு அந்தப் பெருமை?

அந்த மூன்றாவது ஆல்பம்தான், 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி', இன்றைக்கும் எனக்கு முதல் இடம். நீ எத்தனை தடவை டியோ பாடிய 'ஹெவன் அண்ட் ஹெல்' என்று கத்தினாலும் சரி. முதல் பாட்டு ஆரம்பத்தில் அயோமி இருமுவாரே, அதை காஸெட் பதிவு செய்து கொடுத்த அண்ணனின் இருமல் என்று சொல்லி நீ பணம் திருப்பிக் கேட்கப் போனாயே, அந்தத் தெருப் பக்கம் போனால் இப்போதும் தானாகச் சிரிப்பு வந்துவிடுகிறது.

ஜூலையில் அந்தப் பையனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். என்ன பேசுவதென்று தெரியாமல் அயோமி கதையைச் சொன்னேன். அரைகுறை இந்தி, அரைகுறை தமிழ். போனில் படத்தையும் காட்டினேன். அயோமியின் ஃபாக்டரி மேனேஜர் வீடு தேடி வந்து ஜாஸ் கிட்டாரிஸ்ட் ஜாங்கோ ரைன்ஹார்ட் ரெக்கார்டைக் கொடுத்து, "இவர் இரண்டு விரலை வைத்துக்கொண்டுதான் இப்படி வாசிக்கிறார்" என்று சொன்னாரே, அதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். கட்டுப்போட்ட கையைத் தலையணையில் ஏற்றி வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "அவருக்கு கம்பெனி எவ்ளோ குடுத்துச்சு, சார்?"

முப்பது வருஷமாகச் சப்பாத் கேட்கிறோம். நம் கும்பலில் ஒருத்தனுக்கும் தோன்றாத கேள்வி. நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவன் பெயரில் இ.எஸ்.ஐ. கட்டியிருக்கிறோம், கார்டு வரவேண்டியதுதான் பாக்கி என்கிறார் காண்ட்ராக்டர். எந்தத் தேதியிலிருந்து கட்டினார் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, டூல் ரூம்காரனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்டார். வருகைப் பதிவேட்டின் நகல் என்னிடம் இருக்கிறது என்றேன். அதற்குப் பிறகு கொஞ்சம் மரியாதையாகப் பேசுகிறார். இந்தப் பையனுக்கு வரவேண்டியது வந்து சேராமல் விடப்போவதில்லை. வீட்டில் இவள் பயப்படுகிறாள், வேலைக்கு உலை வைத்துக்கொள்ளாதீர்கள் என்று. எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. பெரியவளுக்கு இப்போதுதான் ஃபீஸ் கட்டியிருக்கிறேன்.

இப்போது உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். எங்கள் பிரஸ் எல்லாம் பழைய கீ கிளட்ச். ஒரு தடவை இறங்க ஆரம்பித்தால் முழுச் சுற்றும் முடிந்துதான் நிற்கும், நடுவில் நிறுத்த முடியாது. அதனால் லைட் கர்ட்டன் வாங்கி மாட்டியும் பிரயோஜனம் இல்லை, கை உள்ளே போனதை அது கண்டுபிடித்தாலும் மெஷின் இறங்கித்தான் தீரும். பெடலை எடுத்துவிட்டு, இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்குகிற பட்டன் வைக்க வேண்டும், அதுவும் டையிலிருந்து தள்ளி. இல்லாவிட்டால் கூண்டு மூடினால்தான் கிளட்ச் விழும் என்கிற மாதிரி இன்டர்லாக். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது, யாரும் கழற்றிச் சுவரில் சாய்க்க முடியாது. கழற்றினால் மெஷினே ஓடாது. உன் பிளான்ட்டில் பழைய பிரஸ் எதிலாவது இப்படி இருந்தால், கூண்டையும் கிளட்சையும் இணைக்கும் அந்த லிங்கேஜைப் பக்கவாட்டில் நின்று தெளிவாகப் படம் எடுத்து அனுப்பு. நீ அதில் நிற்க வேண்டாம். அளவு தெரிந்தால் இங்கேயே நானே செய்துகொள்வேன், முதல் மெஷினுக்கு மட்டும் முதலாளி சரி சொல்லியிருக்கிறார்.

டிசம்பரில் வருகிறாய் அல்லவா? குண்டனிடம் சொல்லிவிட்டேன், புது வீட்டு மொட்டை மாடி நமக்குத்தான். அன்றைக்கு 'ஹெவன் அண்ட் ஹெல்' முழுசாகப் போடு, நடுவில் வாய் திறக்காமல் கேட்கிறேன். அடுத்தது ஓஸி பாடிய 'வால்யூம் 4', அப்போது நீ வாய் திறக்கக் கூடாது. படம் மட்டும் இந்த வாரமே அனுப்பிவிடு, வெள்ளிக்கிழமை தகடு வெட்டக் கொடுக்கிறேன்.

அன்புடன்,
முரளி