எஸ்டிஎல் கட்டுகிறீர்கள், வகுப்புக்கும் ஆள் அனுப்புங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

மாதாமாதம் நாங்கள் போட்டுத் தரும் சம்பளக் கணக்கில் சிபிஎஃப் (மத்திய சேமநிதி) தொகைக்குக் கீழே எஸ்டிஎல் என்று ஒரு சின்னத் தொகை இருக்கும். சிங்கப்பூரில் முதலாளிகள் கட்டும் திறன் மேம்பாட்டுத் தீர்வை அது. வெளிநாட்டு ஊழியருக்குக் கட்டும் லெவி வேறு, இது வேறு. ஒருவர் சம்பளத்தில் 0.25 விழுக்காடு, குறைந்தது 2 வெள்ளி, கூடியது 11 வெள்ளி 25 காசு. ஆளுக்கு 2,400 வெள்ளி வாங்கும் ஆறு பேர் இருந்தால் ஆண்டுக்கு 432 வெள்ளி. ஊழியர் சம்பளத்தில் இதைப் பிடிக்கக் கூடாது.

இந்தப் பணம் போவது பயிற்சிக்குத்தான். சிறிய, நடுத்தர நிறுவனங்கள் அனுப்பும் சிங்கப்பூரர், நிரந்தரவாசிகளுக்கு, மானியமுள்ள வகுப்புகளில் கட்டணத்தில் 70 விழுக்காடு வரை கழியும். வேலை பர்மிட்டில் வந்த வெளிநாட்டு ஊழியருக்கும் எஸ்டிஎல் கட்டுகிறோம், மானியம் மட்டும் இல்லையா என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

பணம் கைநழுவுவது இரண்டு இடங்களில். ஊழியர் தனி ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டால் நிறுவனத்துக்கான மானியம் கிடைக்காது. கம்பெனி பெயரில் பதிய வேண்டும். அடுத்தது, மதியக் கூட்டம் என்று பாதி வகுப்பில் கூப்பிட்டுக்கொள்வது. வருகை 75 விழுக்காட்டுக்குக் குறைந்தாலோ தேர்வு எழுதாவிட்டாலோ மானியம் போய்விடும்.

சான்றிதழோடு வேலை முடியவில்லை. உணவுக்கடை ஊழியர் போகும் உணவுப் பாதுகாப்பு முதல் நிலை வகுப்பையே பாருங்கள். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் கிருமி பெருகும் என்று சொல்லித் தருவார்கள். திரும்பி வந்தால் அடுப்படியில் தெர்மாமீட்டரே இருக்காது! முதலில் ஒன்று வாங்கி மாட்டுங்கள். வாரம் ஒருமுறை, உடைத்த ஐஸ் நிறைந்த கிளாஸில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, தெர்மாமீட்டர் முள்ளை நடுவில் அரை நிமிடம் பிடித்தால் 0 காட்ட வேண்டும். 3 காட்டினால் அந்த வாரம் எழுதியதெல்லாம் பொய்க்கணக்கு.

பிரியாணி அண்டாவில் ஓரத்தை அளக்காதீர்கள். மிஞ்சிய சோற்றை அண்டாவோடு சில்லரில் (குளிர்பெட்டியில்) வைத்தால் நடுப்பகுதி மணிக்கணக்கில் சூடாகவே கிடக்கும், பக்கத்தில் இருக்கும் தயிரும் கெடும். அகலத் தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பி, ஆறியதும் வையுங்கள். யார் அளப்பது, எங்கே எழுதுவது என்று முதல் வாரத்திலேயே முடிவாகாவிட்டால் படித்தவருக்கே மறந்துபோகும். பக்கத்துக் கடைக்காரரும் அதே அரிசியை, அதே இறைச்சியை ஏறக்குறைய அதே விலைக்குத்தான் வாங்குகிறார். உங்கள் லாபத்தில் வித்தியாசம் காட்டுவது குப்பைத்தொட்டிக்குப் போகும் சோறு.

வேலை நேரத்தில் அனுப்பினால் மணிக்கு 4 வெள்ளி 50 காசு சம்பள ஈடும் கோரலாம். அடுத்த ரோஸ்டர் (வேலை அட்டவணை) போடும் முன் பெயர்களை அனுப்புங்கள். பதிவையும் கோரிக்கையையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். தீபாவளிக்கு முந்திய மூன்று வாரம் மட்டும் வேண்டாம். தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) அப்போதிருக்கும் கூட்டத்தில் யாரை விட முடியும்?

அன்புடன்,
சம்பளக் கணக்குப் பிரிவு