தம்பி, பெயின்ட் டப்பாவ கொஞ்சம் ஓரமா வையி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்புன போட்டோவ பாத்தேன்டா. வியாசர்பாடி காயலாங்கடைல 1800 ரூபாய்க்கு க்ரூஸர் சைக்கிள் கெடச்சுதுன்னு படிச்சதுமே அவ்ளோ சந்தோஷம், அந்த வளைஞ்ச ஃப்ரேமும் அகல ஹேண்டில்பாரும் குண்டு டயரும் பாக்கவே அம்சமா இருக்கு. ஆனா அடுத்த வரிலயே மேட் பிளாக் அடிக்கப் போறேன், ஸ்ப்ரே வாங்கிட்டேன்னு போட்டிருக்க பாரு, அங்கதான் உன்ன நிறுத்துறேன். போன்லயே சொல்லியிருப்பேன், ஆனா நம்ம ஏரியால நெறைய பசங்க இதே மாதிரி பழசு வாங்கி மொத காசையே பெயின்ட்ல போட்டுடறாங்க, அவங்களும் படிக்கட்டும்னு பொதுவுல எழுதறேன்.

மொதல்ல சுத்துற எடம், அப்புறம் பிரேக்கு, கடைசியாதான் கலரு. காலடிப்பேட்டைல அப்பா கடை வச்சிருந்தப்போ யார் வண்டி வந்தாலும் இதே வரிசைதான், கடல்லேர்ந்து வர்ற உப்புக் காத்துல காசிமேட்டுலேர்ந்து எண்ணூர் வரைக்கும் எந்த இரும்பும் தப்பாது, ஃப்ரேம்ல தெரியற துரு பெரிய விஷயமே இல்ல, கண்ணுக்குத் தெரியாம வீலோட நடு உருளை, அதான் ஹப்பு, அதுக்குள்ளயும் சீட் கம்பி எறங்குற குழாய்க்குள்ளயும் புடிக்கிற துருதான் வண்டிய கொல்லும்.

வண்டிய தலைகீழா போட்டு பின் வீல புடிச்சு பக்கவாட்டுல ஆட்டிப் பாரு. ஆட்டம் இருந்தா கோன், அதாவது ஆக்ஸில் மேல குண்டுங்கள அழுத்திப் புடிக்கிற கூம்பு நட்டு, லூசு, இல்ல தேஞ்சிருக்கு. கையால சுத்தி விட்டு, காது கிட்ட வச்சுக் கேளு, கரகரன்னு மணல் அரைக்கிற மாதிரி சத்தம் வந்தா பால்ரஸ், அதான் உள்ள உருளுற இரும்பு குண்டுங்க, போச்சுன்னு அர்த்தம். ஆக்ஸில கழட்டினா பெரும்பாலும் பக்கத்துக்கு 9 குண்டு, கால் இன்ச் சைஸ்ல இருக்கும், பழசுல பளபளப்பு போய் சாம்பல் கலர்ல புள்ளி புள்ளியா இருக்கும், அதுங்கள தொடச்சு திரும்பப் போடாத, புதுசு ரொம்ப மலிவு. குண்டுங்க உக்கார்ற கப்ப கிருஷ்ணாயில் ஊத்திக் கழுவி, துணியால தொடச்சு, விரல் நகத்த உள்ள ஓட்டிப் பாரு, நகம் எங்கயும் சிக்கலன்னா கப்பு நல்லா இருக்கு, சிக்கிச்சுன்னா எத்தன கிரீஸ் வச்சாலும் வேஸ்ட்டு.

இந்த குண்டு டயரு 1933ல அமெரிக்கால ஷ்வின் கம்பெனி கொண்டு வந்தது, அகலமா காத்து நெறஞ்ச டயரா இருந்தா மேடு பள்ளம் தெரியாதுன்னு. அப்புறம் 1970கள்ல கலிபோர்னியா பசங்க அதே மாதிரி பழைய வண்டிங்கள சல்லிசா வாங்கி மலைலேர்ந்து எறக்கி ஓட்டுனாங்க, ஹப்புக்குள்ள இருக்குற பிரேக்கு சூடாகி கிரீஸ் புகையாவே போயிடும், எறங்கி முடிச்சதும் திரும்ப கிரீஸ் அடைக்கணும், மவுன்ட்டன் பைக்குன்னு இன்னிக்கு விக்கிறது அங்கேர்ந்துதான் வளந்துச்சு. அவங்க நேரம் செலவு பண்ணது கிரீஸ்லதான்டா, கலர்ல இல்ல.

டயர் வாங்கப் போறப்போ ரொம்ப ஜாக்கிரதை. 26 இன்ச்சுன்னு மட்டும் கேட்டா கடைக்காரரு லேடிஸ் சைக்கிளுக்குப் போடற 26 x 1⅜ எடுத்துக் குடுத்துடலாம், அதுவும் 26தான், ஆனா டயர் உக்கார்ற எடத்துல அதோட ரிம் விட்டம் 590 மில்லிமீட்டர், உன்னோடது 26 x 2.125, ரிம் 559, ஒண்ணுக்கு இன்னொண்ணு சேரவே சேராது. டயர் ஓரத்துல 559ன்னு இருக்கான்னு கண்ணால பாத்துட்டு காசு குடு. காத்தும் கல்லு மாதிரி அடிக்காத, டயர்லயே எவ்ளோன்னு போட்டிருக்கும், அதுக்குள்ள வையி.

பெடல் கழட்டறப்போ இடது பக்கம் மட்டும் மரை உல்ட்டா, கடிகாரம் சுத்துற பக்கமா சுத்தினாதான் கழலும். இது தெரியாம முட்டி மோதி மரைய நாசம் பண்ணவங்க நெறைய பேரு. செயினுக்கு ஒரு ஸ்கேல் போதும்: செயின்ல ஒரு ஆணிலேர்ந்து இன்னொரு ஆணி வரைக்கும் 12 இன்ச் அளந்து பாரு, அதுக்கு மேல அரைக்கால் இன்ச் அதிகமா வந்தா மாத்திடு.

பிரேக்குக்கு வரேன், இதுதான் எனக்கு மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. போட்டோல உன் ரிம்மு ஸ்டீல் மாதிரி தெரியுது, குரோம் உரிஞ்சிருக்கு. ஸ்டீல் ரிம்மு மழைல நனைஞ்சா பிரேக் கட்டை வழுக்கும், புடிக்கவே புடிக்காது. நீ வேலைக்குப் போறது எண்ணூர் ஹைரோட்டுல, கன்டெய்னர் லாரிங்க பக்கத்துல. ஐப்பசி கார்த்திகைல அந்த ரோடு எப்படி இருக்கும்னு உனக்கே தெரியும். அதனால அலுமினிய ரிம் மாத்திடு, பாரிஸ் கார்னர் பக்கம் ஸ்பேர் கடைங்கள்ல கேட்டுப் பாரு, செலவு கொஞ்சம் கூடத்தான் ஆகும், ஆனா இதுல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாத, பத்தலன்னா நான் தர்றேன். புது ரிம்ம நேரா சுத்துற மாதிரி கோட்டம் எடுக்கறது என் வேலை. பின்னாடி செவப்பு ரிஃப்ளெக்டரும் நல்ல சத்தமா ஒரு பெல்லும் கண்டிப்பா வேணும்.

இந்த ஞாயித்துக்கெழம காலைல வண்டிய தள்ளிக்கிட்டே வா, ஓட்டிக்கிட்டு வராத. சீட் கம்பி இறுகியிருந்தா சுத்தியால தட்டாத, மொத நாள் ராத்திரியே கொஞ்சம் எண்ணெய் விட்டு வையி, மீதிய நான் பாத்துக்கறேன். பெயின்ட்டு அடுத்த மாசம் அடிக்கலாம், அதுக்கு முன்னாடி உப்புத்தாள் போட்டு துருவ சுத்தமா எடுத்துட்டு பிரைமர் ஒரு கோட்டு.

அன்புடன்,
அக்கா