‘அது உன்பாடு’ என்று சொல்லாத சபை வேண்டும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விசுவாச வாழ்க்கையில் தவறி விழுந்தவர்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஆன்மிகப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். உண்மையாக மனந்திரும்பியவனுக்குக் குற்ற உணர்வு அன்றோடு அகன்றுவிடும் என்றும், அகலவில்லையென்றால் அவனுடைய மனந்திரும்புதலிலேயே குறை இருக்கிறது என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். அவருடைய நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஏற்கெனவே தலைகுனிந்து நிற்பவனை அந்த வரி ஆலய வாசலுக்கு வெளியே இன்னும் ஓர் அடி தள்ளிவிடும் என்பதை அனுபவத்தில் அறிந்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் ஒரு சபையில் பொருளாளராக இருந்தவன். சொந்தக் கடன் கழுத்தை நெரித்தபோது, அடுத்த மாதம் வைத்துவிடலாம் என்று சபைப் பணத்தில் கை வைத்தேன். அந்த அடுத்த மாதம் வரவேயில்லை. நானாகவே ஆயரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசைதான். உண்மையில், கணக்கைச் சரிபார்த்தவர்கள் கேட்ட பிறகுதான் ஒப்புக்கொண்டேன். பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டேன், எடுத்த தொகையை நான்கு ஆண்டுகளில் தவணையாகக் கட்டி முடித்தேன். தேவனிடம் மன்னிப்புக் கேட்டது முதல் வாரத்திலேயே. அவர் மன்னித்தார் என்பதையும் நான் விசுவாசித்தேன். இருந்தும், ஞாயிறு ஆராதனையில் காணிக்கைப் பை என் வரிசைக்கு வரும்போது கை நடுங்கும். பக்கத்தில் இருப்பவர் நீட்டும் பையை வாங்கி அடுத்தவரிடம் கொடுக்க இரண்டு நொடிகூட ஆகாது. அந்த இரண்டு நொடியும் வரிசை முழுவதும் என் விரல்களையே பார்ப்பதுபோல் இருக்கும். உண்மையில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், அவரவர் பாட்டுப் புத்தகத்தில் அடுத்த பாடலைத் தேடிக்கொண்டிருந்திருப்பார்கள். ஆனாலும் அந்தப் பைக்குப் பயந்தே ஏறக்குறைய எட்டு மாதங்கள் ஆலயத்துக்குப் போகாமல் இருந்தேன். பணத்தை எடுத்த பாவத்தைவிட அந்த எட்டு மாதங்கள்தான் என் விசுவாசத்தை அதிகமாகத் தின்றன.

வேதத்தில் பணப்பையை வைத்திருந்தவன் இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் என்பதை யோவான் இரண்டு இடங்களில் சொல்கிறார். அவனுடைய முடிவைப் பேசும்போது நாம் எளிதாகக் கடந்துபோகும் ஒன்று மத்தேயு 27-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அவன் மனஸ்தாபப்பட்டான், குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்ததனால் பாவம் செய்தேன் என்று வாய்விட்டு அறிக்கையிட்டான், முப்பது வெள்ளிக்காசையும் ஒன்று குறையாமல் திருப்பிக் கொடுத்தான். அறிக்கையும் ஈடுசெய்தலும் அவனிடத்தில் இருந்தன. அதைக் கேட்ட ஆசாரியர் சொன்ன பதில் “எங்களுக்கென்ன, அது உன்பாடு” என்பதுதான். அங்கிருந்து அவன் தனியாகப் போனான். மற்றப் பதினொரு சீடர்களிடம் அவன் திரும்பிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பல இரவுகள் யோசித்திருக்கிறேன். அவர்கள் எல்லோரும் இயேசுவை விட்டு ஓடிப்போனவர்கள்தாமே!

பேதுருவின் கதை எல்லோரும் அறிந்தது. இயேசுவை அறியேன் என்று மூன்று முறை மறுதலித்தார், சேவல் கூவிற்று, மனங்கசந்து அழுதார். அந்தக் கண்ணீரோடு அவருக்கு எல்லாம் தீர்ந்துவிடவில்லை. யோவான் 21-இல் அவர் மீன்பிடிக்கப் போகிறேன் என்கிறார். அதற்குள் உயிர்த்த ஆண்டவரைக் கண்டாகிவிட்டது. ஆனாலும் கால்கள் பழைய தொழிலுக்கே போகின்றன. அப்போது கூட இருந்த ஆறு பேரும் “அது உன்பாடு” என்று சொல்லவில்லை. நாங்களும் வருகிறோம் என்று படகில் ஏறிக்கொண்டார்கள். அன்று இரவு அவர்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை. விடிந்து கரைக்கு வந்தால் அங்கே கரிநெருப்பு. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் கரிநெருப்பைக் குறிக்கும் அந்தச் சொல் இரண்டே இடங்களில் வருகிறது: பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில் குளிர்காய்ந்தபடி பேதுரு மறுதலித்த இடம் ஒன்று, இந்தக் கரை மற்றொன்று. மறுதலித்த நெருப்பின் வாசனை மூக்கில் ஏறும்போதுதான் ‘நீ என்னை நேசிக்கிறாயா’ என்று ஆண்டவர் மூன்று முறை கேட்கிறார். மூன்றாம் முறை பேதுரு துக்கப்பட்டார் என்று வேதமே சொல்கிறது. ஆண்டவர் முன்னிலையில், அவருடைய அழைப்பைப் பெறும் அதே வேளையில், அவருக்கு வலித்தது. அதற்காக அவருடைய மனந்திரும்புதலில் குறை இருந்தது என்று கட்டுரையாளர் சொல்வாரா? பிற்பாடு அந்தியோகியாவிலும் அவர் சறுக்கியதையும், பவுல் முகத்துக்கு நேராக எதிர்த்ததையும் கலாத்தியர் நிருபம் மறைக்கவில்லை.

ஆதிச் சபையும் இந்தக் கேள்வியில் திணறியிருக்கிறது. கி.பி. 250-இல் ரோமப் பேரரசர் டெசியஸ், எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு அதற்குச் சான்றிதழ் பெற வேண்டும் என்று ஆணையிட்டார். அப்படிப்பட்ட பாப்பிரஸ் சான்றிதழ்கள் எகிப்தில் கிடைத்திருக்கின்றன. அதிகாரிகளின் முன்னிலையில் பலியிட்டேன், அதை உண்டேன் என்று மனுப்போல எழுதிக் கையொப்பமிட்ட சிறு தாள்கள் அவை. கிறிஸ்தவர்களில் பலர் பலியிட்டார்கள். சிலர் பலியிடாமலே காசு கொடுத்துத் தாளை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். இவர்களுக்குத் திரும்பி வர வழியே இல்லை என்றது ரோமச் சபையின் குரு நொவேஷியனின் தரப்பு. உடனே சேர்த்துக்கொள்ளலாம் என்றவர்களும் இருந்தார்கள். 251-இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் இரண்டையும் ஏற்காமல், ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியே விசாரித்து, தவம் செய்ய ஒரு காலம் விதித்துச் சேர்க்க முடிவு செய்தார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தலைமை வகித்த கார்த்தேஜ் ஆயர் சிப்பிரியானும் துன்புறுத்தலின்போது தலைமறைவாக இருந்தவர், அதற்காகப் பழிச்சொல் கேட்டவர். 258-இல் அவர் இரத்தசாட்சியாக மரித்தார்.

அந்தத் தவக்காலங்களின் கடுமையை இன்று யாரும் விரும்ப மாட்டார்கள், நானும் விரும்பவில்லை. ஆனால் அதில் ஒரு நேர்மை இருந்தது. விழுந்தவன் சபையாரின் கண்முன்னே இருந்தான். அவனுக்கென்று ஓர் இடமும், அங்கிருந்து உள்ளே வர ஒரு வழியும் இருந்தன. இப்போதோ பல சபைகளில் அடுத்த வாரமே மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்ல வைக்கிறார்கள், அல்லது விசுவாசத்தை விட்டு விலகியவன் என்ற பொருளில் ‘பின்மாற்றக்காரன்’ என்ற ஒரு சொல்லில் ஆளை மூடிவிடுகிறார்கள். அந்தச் சொல்லை எனக்குப் பிடிக்காது; திரும்பி வந்துகொண்டிருப்பவனுக்கும் அதே பெயர்தான். என்னைத் தேடி வந்தவர் ஆயர் அல்லர், கணக்கில் பிழையைக் கண்டுபிடித்த மூப்பர். மன்னிப்பைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. “ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் உட்காருங்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஞாயிறு பை வந்தபோது அதை அவர்தான் என் கையில் கொடுத்தார். கை நடுங்கியது, அவரும் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

கட்டுரையாளரோடு ஒன்றில் மட்டும் உடன்படுகிறேன். மன்னிப்பு என்பது பழைய பொறுப்பைத் திரும்பக் கேட்கும் உரிமை அன்று. சபையின் கணக்குப் புத்தகத்தை இனி என்னிடம் ஒப்படைக்க வேண்டாம் என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். இப்போது பாடகர் குழுவில் பின்வரிசையில் நிற்கிறேன். சில வாரங்களில் கை இன்னும் நடுங்குகிறது.

பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்