தண்ணீர் லாரி முதல் துண்டு வரை: ஒரு நன்றி மடல்

கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களுக்கு ஸ்தோத்திரம்.

ஞானஸ்நான ஆராதனைக்குத் தோள் கொடுத்த எல்லாருக்கும் ஆயத்த வகுப்புக் குழுவின் நன்றி. மேடையில் சொன்னால் கைதட்டலோடு முடிந்துவிடும். செய்த வேலையும் பதிவாகட்டும் என்றுதான் இந்த மடல்.

முதலில் வகுப்பெடுத்த அக்காமாருக்கு. நம்ம பக்கம் புது ஆளிடம் "எந்த ஊருங்க?" என்று ஆரம்பிக்கும் பேச்சு, நாலாவது கேள்வியில் "என்ன கூட்டமுங்க?", அதாவது என்ன குலம், என்று வந்து நிற்கும். அதற்கு உள்ளுக்குள்ளே வேறு பதில் பழக எட்டு வாரம் குறைச்சல்தான். ஆனாலும் யோவான் 3-ஆம் அதிகாரத்தை நிதானமாக நடத்தினீர்கள். நிக்கொதேமு என்ற யூதத் தலைவரிடம் 'மறுபடியும் பிறக்க வேண்டும்' என்றாரே இயேசு, அந்த 'மறுபடியும்' என்பதற்குக் கிரேக்கத்தில் 'அனோதென்'. 'மேலிருந்து' என்றும் அதற்குப் பொருள் உண்டு. தானே திருந்துவதுதான் மறுபிறப்பு என்று எண்ணியவர்களுக்கு அங்கேதான் முடிச்சு அவிழ்ந்தது. "அழுகையே வரலீங்க, அப்ப நான் பிறக்கலையா?" என்றவர்களுக்கு, ஆவியினால் பிறப்பது காற்று வீசுவது போல என்னும் 8-ஆம் வசனத்தைக் காட்டினீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்றைக் கண்ணால் பார்த்தவர் யார்? சத்தம் கேட்கும், தென்னை மட்டை ஆடும்.

சாட்சிக்கு மூன்று நிமிடம் என்று கறாராக இருந்ததும் நல்லது. விட்டால் பழைய பாவத்துக்கு இரண்டே முக்கால் நிமிடம் போய்விடும், ஆண்டவருக்குக் கால் நிமிடம்தான் மிஞ்சும்.

வக்கீல் அண்ணனுக்குத் தனி நன்றி. பட்டியல் சாதியிலிருந்து வருபவர் கிறிஸ்தவரானால் 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி அந்தத் தகுதி போய்விடும். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார். முழுகி எழுந்த பிறகு தாலுகா ஆபீசில் போய் இதைத் தெரிந்துகொள்வது கொடுமை. முதல் வாரமே சொன்னீர்கள். பெயர் மாற்றக் கட்டாயமில்லை, மாற்றினால் அரசிதழில் வெளியிட்ட பிறகுதான் மற்ற ஆவணங்கள் என்றும் சொன்னீர்கள். பின்னாளில் பவுல் எனப்பட்ட சவுலுக்கே அப்போஸ்தலர் 9-இல் ஞானஸ்நானம். 13-ஆம் அதிகாரம் வரை சவுல்தான்!

ஓடும் தண்ணீர் இல்லையென்றால் வேறு தண்ணீர், அதுவும் இல்லையென்றால் தலையில் மூன்று முறை ஊற்று என்கிறது ஆதித் திருச்சபைக் கையேடான டிடாகே. சாயம் கலந்த நொய்யல் ஆற்றில் யாரை இறக்குவது? அதனால் தொட்டி: 8-க்கு 5 அடி, மூன்றரை அடி ஆழத்துக்குச் சுமார் 4,000 லிட்டர். முந்தின நாளே லாரித் தண்ணீர் விட்டதால் வண்டல் அடியில் படிந்தது. ஒயர் மைக்கைத் தொட்டிப் பக்கமே விடாத ஒலிபெருக்கித் தம்பி, உங்களுக்கு இரண்டு நன்றி.

டெய்லர் அண்ணன் வேலைதான் கண்ணுக்குத் தெரியாத வேலை. மெல்லிய வெள்ளைத் துணி நனைந்தால் உடம்பு தெரியும். வெளுத்த காடாத் துணி எடுத்து, உள்ளே கருநீலம் போடச் சொன்னீர்கள். தண்ணீரில் அங்கி குடை மாதிரி விரியும் என்று கீழ்மடிப்பில் வலைக்குப் போடும் ஈயக்குண்டுகளை வைத்துத் தைத்தீர்கள்.

தொட்டிக்குள் நின்ற இரண்டு மூப்பர்களும் முந்தின வாரமே தரையில் ஒத்திகை பார்த்தது வீண்போகவில்லை. கை நெஞ்சில் குறுக்காக, முழங்கால் லேசாக மடங்க, ஒருவர் பிடரியையும் ஒருவர் முதுகையும் தாங்க வேண்டும். விறைத்துக்கொண்டால் கால் மேலெழும்பி வழுக்கும். பயந்தவர் கையை உதறினால் தாங்குபவர் மூக்கில் இடிக்கும். ரோமர் 6 இதைக் கிறிஸ்துவோடு அடக்கம்பண்ணப்படுவது என்கிறது. அடக்கத்தில் யாரும் முரண்டு பிடிப்பதில்லை என்று நீங்கள் சொன்னதில் பாதிப் பயம் சிரிப்பில் போயிற்று.

இந்த விசுவாசத்தில் இல்லாமலே, பிள்ளைக்காக வந்து கடைசி வரிசையில் துண்டோடு காத்திருந்த அம்மாமாரே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? புதுப் பிறப்பு என்பது பெற்றெடுத்த வீட்டை வெட்டிவிடும் கத்தி அல்ல என்று வகுப்பில் சொன்னதை நீங்கள்தான் காட்டினீர்கள்.

ஞாயிறு மதியம் புதியவர்களைச் சாப்பிடக் கூப்பிடும் குடும்பங்களே, மூன்று மாதம் விடாதீர்கள்; உற்சாகம் வடிந்து, "எல்லாம் பொய்யோ" என்று தோன்றுவது அப்போதுதான்.

அங்கிகளில் இரண்டு இன்னும் திரும்பவில்லை. துவைத்துத்தான் தர வேண்டும் என்றில்லை, அப்படியே ஆலய அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.

ஞானஸ்நான ஆயத்த வகுப்புக் குழு,
திருப்பூர்