ஜன்னலை விட்டு எடு

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய படம் வந்தது. நாலு ஞாயிறு போன் வராமல் இருந்து, ஒரு படம். அதாவது வந்ததே.

அப்பாரு புகை பிடித்த பைப்பை முதலில் அந்த ஜன்னலை விட்டு எடு. வாயில் வைக்கும் குழாய், கன்னங்கரேலென்று இருந்த அந்த ஸ்டெம், சாணி நிறத்துக்குப் போனதற்கு வெளிச்சம்தான் காரணம். அது வல்கனைட், ரப்பரில் கந்தகத்தை நிறையச் சேர்த்து இறுக வைத்த சாமான். வெளிச்சமும் ஈரமும் படப்படக் கந்தகம் மேலுக்கு வந்து காற்றோடு சேரும். நிறம் போகும், வாயில் வைத்தால் கசக்கும், நாற்றம் அடிக்கும். மான்செஸ்டரில் வெயில் ஏது என்று இருந்துவிடாதே, மேகத்துக்குள் வரும் வெளிச்சமே போதும்.

படத்தில் சோபா மேல் தலையணையும் போர்வையும் கிடந்தன. ராத்திரி வேலை அதிகமோ என்னவோ.

ஸ்டெம்மை நேராக இழுக்காதே, வலப்பக்கமாகத் திருகிக்கொண்டே இழு. பைப் சூடாக இருந்தால் தொடவே தொடாதே, ஸ்டெம்மின் கழுந்து, அதுதான் கட்டைக்குள் நுழையும் முனை, உள்ளேயே முறிந்துவிடும். துளையை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பைப் கிளீனரால், அந்தப் பஞ்சு சுற்றிய கம்பியால், வெள்ளையாகவே வெளியே வரும்வரை துடை. பத்துப் பதினைந்து கம்பி செலவாகும், ஆகட்டும்.

அப்புறம் ஊறப்போடு. அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் துணி வெளுக்கும் ஆக்ஸிஜன் பவுடர் ஒரு பெரிய ஸ்பூன். மூன்று மணி நேரம் போதும். அதற்கு முன்னால் ஸ்டெம்மில் இருக்கும் வெள்ளைப் புள்ளி மேல் வாசலின் தடவு. கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், பழுப்பு கூடும். குளோரின் பிளீச் வேண்டவே வேண்டாம், மேலே குழிகுழியாக அரித்துவிடும். எடுக்கும்போது முன்னைவிட மோசமாகச் சுண்ணாம்பு பூத்த மாதிரி தெரியும். பயப்படாதே, உள்ளே இருந்தது மேலுக்கு வந்திருக்கிறது. முரட்டுத் துணியால் அழுத்தித் தேய்த்தால் பாதி அப்போதே போய்விடும்.

பல் பதிந்த இடத்தை லைட்டர் சுடருக்கு மேலே, நிறுத்தாமல் முன்னும் பின்னும் காட்டினால் ரப்பர் தானாகவே எழும்பும். துளைக்குள் பைப் கிளீனர் ஒன்று இருக்கட்டும். நீ விட்டுவிடலாம் என்பேன். அது அப்பாரு பல்.

இனி வாட்டர் பேப்பர், தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள். நம்பர் கூடக்கூட நைசு. பழுப்பு ஆழமாக இருக்கும் இடத்துக்கு மட்டும் 400 நம்பர். அப்புறம் 600, 800, 1000, 1500, 2000. எல்லாமே தண்ணீர் தொட்டு. காய்ந்த தூள் நாறும், நெஞ்சுக்கும் ஆகாது. நம்பர் மாற்றும்போது தேய்க்கும் திசையையும் மாற்று, அப்போதுதான் முந்தின கீறல் கண்ணுக்குத் தெரியும். ஒரு நம்பரைத் தாண்டினால் 400 போட்ட கோடு கடைசியில் பளபளப்புக்கு அடியில் நிற்கும், மறுபடி முதலிலிருந்து. உன் அவசரம் எனக்குத் தெரியும். கட்டையோடு சேரும் விளிம்பை மழுக்கிவிடாதே. பழைய பிளாஸ்டிக் அட்டையில் துளை போட்டுக் கழுந்தில் மாட்டிக்கொண்டு அதுவரைக்கும் தேய். முடிவாக மைக்ரோமெஷ் என்கிற மெருகுத் துண்டுகள், 1500 முதல் 12000 வரை ஒன்பது துண்டு. மூன்றுக்கு ஒருதரம் ஒரு சொட்டு லிக்விட் பாரஃபின். எண்ணெய் ஈரத்தில் எல்லாமே கறுப்பாகத்தான் தெரியும். காய்ந்த பிறகு வெளிச்சத்தில் பார். பழுப்பு தெரிந்தால் 600க்குத் திரும்பு. வேலை முடிந்ததும் அலமாரிக்குள் வை, ஜன்னலோரம் வேண்டாம்.

ஸ்டெம் லொடலொட என்கிறது, மரம் சுருங்கிவிட்டதா என்று கேட்டிருந்தாய்.

மரம் சுருங்கவில்லை. கழுந்தைத் தேய்த்தவன் நான். வால்பாறை மழையில் கட்டை ஊதி இறுகிக் கிடந்தது. ஒரு வாரம் காயவிட்டிருந்தால் தானாக விட்டிருக்கும். உப்புத்தாளைப் போட்டு இழைத்துவிட்டேன். அப்பாரு கேட்டபோது பையன் திருகி விளையாடினான் என்றேன். உனக்கு எட்டு வயசு. அவர் அலமாரியைப் பூட்டினதும், நீ அந்த அறைப் பக்கமே போகாமல் இருந்ததும் என் கண் முன்னால்தான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. அவர் போன அன்றைக்கும் சொல்லவில்லை. பைப் உனக்குத்தான் என்று அவரே எழுதி வைத்திருந்ததைப் பார்த்த பிறகும் சொல்லவில்லை. பேசாமலே விட்டால் சரியாகிவிடும் என்று இருந்தேன். ஆகவில்லை, கண்ணு.

கழுந்தில் நிறமில்லாத நெயில் பாலிஷ் மெல்லிசாக ஒரு பூச்சு பூசி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு மாட்டிப் பார். போதாவிட்டால் இன்னொன்று. தடிமனாகப் பூசி அழுத்தினால் கட்டை வெடித்துவிடும். ஒரு துளிக்காகக் கடையில் புதுப் புட்டி வாங்காதே. அம்மிணியிடம் இருக்கும், கேட்டு வாங்கிக்கொள்.

அப்பா