மஸ்கட்டில் இருக்கும் மகனுக்கு

பிரியமுள்ள மக்ளே,

நீ அனுப்பின பணம் பேங்கில ஏறிட்டு. மழை விடாததால ரப்பர் பால்வெட்டு நின்னு கெடக்கு. நீ நேரத்துக்குச் சாப்பிடு, வெயில்ல நிக்கும்போ தண்ணி குடி.

போனில உனக்க தங்கச்சி பாப்பாவுக்க கல்யாணப் பேச்சை எடுத்தாலே நீ வச்சிருதே. அதனால எழுதுதேன்.

குலசேகரம் மாமா திரும்பவும் வந்தாரு. பையனுக்கு ரெண்டு மாசம்தான் லீவாம், திரும்பிப் போறதுக்குள்ள தாலி கெட்டணுமாம். இருபது பவுனும் ரோட்டோரத்து பத்து சென்டும் கேக்காவ. நீ சம்மதிச்சாச்சுன்னு மாமா சொன்னாரு. நான் நம்பல. நீ அப்படிச் சொல்லுத பிள்ளை இல்ல. சொல்லியிருந்தா மாத்திச் சொல்லு. அவளுக்கு 16 தான் ஆகுது.

அங்கன்வாடி டீச்சர்ட்ட கேட்டேன். 2006-லயே சட்டம் வந்தாச்சு; பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. முன்னால நின்னு நடத்திவைக்கிறவனுக்கும் 2 வருஷம் வரை ஜெயில், 1 லட்சம் வரை அபராதம். பொம்பளைக்கு ஜெயில் கிடையாதாம். அப்போ எனக்கு ஜெயில் வராது, அபராதம்தான் வரும்; ஜெயிலுக்கு உனக்க பேருதான் ஸ்டேஷன்ல இருக்கும். 18 ஆகாத பெஞ்சாதியைத் தொட்டாலே பலாத்காரம்னு 2017-ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியாச்சு.

ஆனா ஜெயிலுக்குப் பயந்து நீ வேண்டாம்னு சொல்லாத மக்ளே. அவளை நினைச்சுச் சொல்லு. என்னைக் கெட்டிக்கொடுத்தப்போ நான் ஒன்பதாங்கிளாஸ். உன்னை வயித்தில வச்சிட்டு தண்ணி கோரப் போகையில, எனக்க கூடப் படிச்ச பிள்ளையள் பஸ்ஸுக்கு நிப்பாவ. நான் குடத்தை இறக்கி வச்சிட்டு, அவிய போற வரைக்கும் வேலிக்குப் பின்னால நிப்பேன். உங்க அப்பா நல்ல மனுஷன், அவரை ஒரு குறையும் சொல்லமாட்டேன். ஆனா உனக்கு இஷ்டமான்னு என்னை ஒரு ஆளும் கேக்கல.

அப்பா இல்லாத வீடு, வயசுப் பெண், பஸ்ஸில பயலுவ தொல்லைன்னு மாமா இதையேதான் சொல்லுதாரு. பயலுவ தொல்லை குடுத்தா அவனுவளைத்தான் கேக்கணும். பிள்ளையை எதுக்குப் பள்ளிக்கூடத்தில இருந்து நிறுத்தணும்?

பத்தாங்கிளாஸில தோள்சீலைப் போராட்டத்தைப் பத்திப் பேசி நீ கப்பு வாங்கினே. மேல்சீலை போட்டதுக்குச் சந்தையில அடிபட்ட நம்ம பூட்டிமாரு, 1859-ல திருவிதாங்கூர் மகாராஜா உத்தரவு போடுற வரை விடலேன்னு நீ சொன்னப்போ எல்லாரும் எழும்பிக் கைதட்டினாவ. எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. அந்தப் பிள்ளைதானே நீ?

பத்து சென்டு அப்பா எனக்க பேரில எழுதினது. நான் கையெழுத்துப் போடமாட்டேன்னு மாமாட்ட சொல்லியாச்சு. நீ கோவிச்சாலும் போடமாட்டேன். 

நேரத்துக்குச் சாப்பிடு. ஞாயித்துக்கிழமை போன் பண்ணும்போ பாப்பாட்ட குடுக்கச் சொல்லு. பிளஸ் டூ முடிச்சிட்டு என்ன படிக்கணும்னு அவ ஒரு ஆசை வச்சிருக்கா. நீ கேட்டா சொல்லுவா.

உனக்க அம்மை